சட்டைக்கு நூற்றைம்பது

பிள்ளைக்கு ஆறாயிரம் என்று உறையின் மேல் எழுதியிருந்தது. பழைய இரும்புக்காரன் உறையைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு நோட்டுகளை எண்ண ஆரம்பித்தான். பன்னிரண்டு ஐந்நூறுகள். எண்ணி முடித்த பிறகுதான் எதற்கான பணம் என்பது உறைத்தது. பேரம் பேசாமல் அவன் வாங்கிய முதல் தொகை அது.

"அடக்கச் செலவுக்குண்ணே. ஆய்வுல இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா குடுக்கச் சொல்லியிருக்காங்க. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்றாள் ஆய்வு அக்கா. தெருவில் எல்லோருக்கும் அவள் ஆய்வு அக்காதான். தாயும் பிள்ளையும் எப்படித் தேறுகிறார்கள் என்று எழுதிப் போக, ஆஸ்பத்திரியிலிருந்து எடை மெஷினோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள்.

பாயில் பிள்ளை கிடந்தது. மூன்று மாதம் முடியவில்லை. விடியற்காலையில் பால் கொடுக்க எழுப்பினாள் அம்மா, எழவில்லை. அவ்வளவுதான். வாசலில் மச்சான் நின்று யாருக்கோ போனில் இடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா நாலு பக்கப் படிவத்தை மடியில் விரித்தாள். "இப்ப கேக்கறது பாவம்தான். ஆனா இன்னைக்கே கேட்டாத்தான் ஞாபகம் இருக்கும்னு சொல்வாங்க. காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல" என்றாள் பிள்ளையின் அம்மா.

"வயித்தால போச்சா?"

"இல்லக்கா. அழவே மாட்டான். ரொம்ப நல்ல பிள்ளைன்னு நெனச்சேன்."

இரும்புக்காரன் சுவரைப் பார்த்தான். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையை அவளுக்குத் தெரியாது; அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு எடை நாளும் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவான். பித்தளையைப் போடும் தராசுத் தட்டில் துண்டை விரித்துப் பிள்ளையைப் போடுவான். மற்ற அப்பன்மார் தெருவில் சீட்டாடிக்கொண்டிருக்க, எடை நாளில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிற ஒரே அப்பன் இவன்தான் என்று தெருப் பெண்கள் புருஷன்களைக் குத்திக்காட்டிய பெருமை அவனுக்கு உண்டு.

பிள்ளையை ஆய்வில் சேர்த்த அன்றைக்கே அக்காவிடம் வாயாடியவன்தான். "ரெண்டு கை, ரெண்டு கால், ஒரு தலை, எல்லாம் சேர்த்து ஒரு எடைக்கு முந்நூறுதானா சிஸ்டர்? நானூறாக்குங்க. அம்மாவுக்கு சத்துமாவு ஒரு பொட்டலம் போதுமா, ரெண்டாக் குடுங்க." அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். அந்தச் சிரிப்பில் மூன்று பக்க ஒப்புதல் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். வாங்குகிற சீட்டை எழுத்தெழுத்தாகப் படிப்பவன். தனக்குக் காசு கொடுக்கிற சீட்டில் கையெழுத்துக்கு இடம் எங்கே என்று மட்டும் பார்த்தான்.

மூன்றாவது எடைக்கு முன்னால் கடைத் தட்டில் பிள்ளை மூன்று கிலோதான் நின்றது. அக்கா எடை எழுதிப் போகும் அட்டையிலிருந்த சிவப்புக் கோட்டை அவன் முன்பே கவனித்திருந்தான். எடை தேறாத சரக்கை என்ன செய்வார்கள்? கழித்துக் கட்டுவார்கள். பேரை அடித்துவிட்டால் முந்நூறு போகும், மாவு போகும், மாவு போனால் இவள் பால் போகும். இப்படியெல்லாம் அவனிடம் யாரும் சொல்லவில்லை. தொழில் சொன்னது.

கம்பளிச் சட்டையின் ஓர மடிப்பைப் பிரித்து, நூறு கிராம் ஈயத்தைத் தட்டித் தகடாக்கி உள்ளே வைத்துத் தைத்தான். "குளிருது சிஸ்டர், சட்டையோடயே போடுங்க. சட்டைக்கு நூத்தம்பது கழிச்சுக்குங்க" என்றான். அக்காவுக்கு அன்றைக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. கழித்துக்கொண்டாள். அடுத்த தடவை இருநூற்றைம்பது ஈயம், அதற்கடுத்து நானூறு. கடைசியாக முந்தாநாள், அறுநூறு. எடை நாளைத் தவிர அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்க விடமாட்டான். பிள்ளை மேலே ஆசை என்று நினைத்தாள் அவள்.

"எடை ஏறிட்டேதானக்கா வந்துச்சு?" அவள் அட்டையை நீட்டினாள். "இந்தா பாருங்க. மூணு கிலோ ஐந்நூறு. அப்புறம் எப்படிக்கா?"

"அதாம்மா எங்க டாக்டருக்கும் புரியல. கோட்டுக்குக் கீழ ஒரு தடவை வந்திருந்தாக்கூட அன்னைக்கே வண்டி அனுப்பியிருப்போம்."

இரும்புக்காரன் திரும்பினான். "வண்டியா?"

"ஆமாண்ணே. உங்களையும் அம்மாவையும் ஏத்திட்டுப் போய், படுக்கை, மருந்து, சாப்பாடு எல்லாம் நாங்களே பார்ப்போம். கோடு போட்டிருக்கிறதே அதுக்குத்தானே. தாள்ல இருந்துச்சே."

"பேரை... அடிக்க மாட்டீங்களா?"

"தேறாத பிள்ளையப் பேர் அடிச்சுட்டு நாங்க யாரைண்ணே பார்க்கறது?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. மகா பேச்சுக்காரன்.

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். "தாய்ப்பால் போதுமானதா இருந்துச்சா?"

"போதலன்னு எழுதுங்க" என்றாள் அவள். "எடையெல்லாம் சரியா இருந்திருக்கு. அப்ப என் பால்லதான் ஏதோ கோளாறு. எழுதுங்கக்கா."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

பேனா கட்டத்தின் மேல் நின்றது. "சிஸ்டர்..." என்றான் இரும்புக்காரன்.

"சொல்லுங்கண்ணே."

மச்சான் உள்ளே தலையை நீட்டினான். "மாமா, குழி தயாராம். வெயில் ஏறதுக்குள்ள கிளம்பணும்."

"ஒண்ணுமில்ல" என்றான் அவன். பேனா இறங்கியது.

அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். "அப்பாவுக்குப் பிடிச்ச சட்டையிலேயே போகட்டும்."

"வேணாம். அது..." என்று அவன் ஓர் அடி வைப்பதற்குள் அவள் சட்டையை எடுத்துவிட்டாள். கை சட்டென்று தாழ்ந்தது. மறு கையைக் கொடுத்துப் பிடித்தாள். ஓர மடிப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அவசரமில்லாமல். பிறகு அட்டையைப் பார்த்தாள். பிறகு அவனை.

அக்கா படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாயருகே உட்கார்ந்து, பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் நுழைத்தாள். நாலு பொத்தானையும் போட்டாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"குடுக்கா, நான் தூக்கிக்கறேன்" என்று மச்சான் கை நீட்டினான்.

"இல்ல" என்றாள். பிள்ளையைப் புருஷனிடம் நீட்டினாள். "நீங்களே தூக்கிட்டு வாங்க."

வாங்கினான். முப்பது வருஷமாகத் தட்டில் போடுவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுகிற கை. வாசலைத் தாண்டும்போதே அது கணக்கைப் போட்டுவிட்டது. பிள்ளை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஈயம் அறுநூறு. சட்டை நூற்றைம்பது. சட்டைக்கு நூற்றைம்பது கழித்தால் மூவாயிரத்து ஐந்நூறு. அட்டையில் இருந்ததற்கு ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.