அஸீமாவின் பின்னால் வந்த தண்ணீர்

கம்பளையில் அஸீமா பஸ் ஏறினால் அவருடைய வயல் தண்ணீரும் கூடவே ஏறிவிடும். முதல் தடவை கணுக்கால் அளவு நின்றது. கொண்டக்டர் நல்ல மனுஷன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "உம்மா, கோவிச்சுக்காம இறங்குங்க, மத்த ஆக்களும் போகணும்" என்றார். திரும்பி வந்து பார்த்தால், மகாவலிச் சதுப்பை ஒட்டிய வயல் வெடித்துக் கிடந்தது. உள்ளான் பறவைகள் அலகு இறங்காமல் திகைத்து நின்றன. அவர் வரப்பில் கால் வைத்ததும் தண்ணீர் திரும்பியது.

இதற்கு அவரேதான் காரணம், வேறு யாரைச் சொல்ல? கணவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், பூச்சி மருந்து குடித்துக் குடித்துச் செத்துப்போன அந்த மண்ணை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். தூர்த்து வீடு கட்ட ஆள் காத்திருந்தது. பிடிவாதக்காரி! மருந்தை நிறுத்தினார், வைக்கோலை எரிக்காமல் பரப்பினார், அறுவடைக்குப் பிறகும் மடையை அடைத்துத் தண்ணீர் நிறுத்தினார். மண்புழு வந்தது, நத்தை வந்தது, பிறகொரு ஒக்டோபரில் கடல் கடந்து உள்ளான்கள் வந்து இறங்கின. ஊரே பார்த்து மகிழ்ந்தது. வயலுக்கு அஸீமாவைப் பிடித்துப்போனது, அதுதான் வினை.

குண்டசாலையில் மகள் உம்மு குல்சுமுக்குத் தலைப்பிரசவம். அவள் பயணம் செய்யக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். "உம்மா, நீங்க வராட்டி எனக்குப் பயமா ஈக்கி" என்று போனில் அழுதாள். "வரேலா மகள், பறவையெல்லாம் செத்துப்போகும்" என்ற அஸீமா, வரப்பில் குந்தி வாய்விட்டு அழுதார். அன்று அந்த வயலை அவர் வெறுத்தார்.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் மகளும் மருமகனும் ஓட்டோவில் கொண்டுவந்து காட்டினார்கள். பேத்தியை வாங்கிய சந்தோஷத்தில் அஸீமா அந்தப் பிஞ்சுக் கால்களைச் சேற்றில் ஒருதரம் தொட்டெடுத்தார். பின்னேரம் ஓட்டோ புறப்பட்டபோது வயல் தண்ணீர் சளசளவென்று அதன் பின்னால் ஓடியது. அஸீமா தன் காலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. இனி அவர் கண்டிக்குப் போகலாம், குண்டசாலைக்குப் போகலாம், ஹஜ்ஜுக்கே போகலாம். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் அவருக்கு இனித்தது. பிறகுதான் பேத்தியை நினைத்தார். பள்ளிக்கூடம், கலியாணம், எல்லாம் இந்தத் தண்ணீரோடுதானா அதற்கு?

"மருமகன், நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பிள்ளையை வாங்கி, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சேற்றையெல்லாம் முந்தானையால் துடைத்துத் தன் பாதத்தில் பூசிக்கொண்டார்.

"என்ன உம்மா செய்றீங்க?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்ல, புள்ளைக்குக் குளிரும். நீங்க போங்க."

ஓட்டோ காய்ந்த ரோட்டில் போய் மறைந்தது. அஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வா, போவம்" என்று தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார்.