டெல்ஃபினிடம் யார் சொல்வது

கூரை போடுகிற வெண்டல் சுரெட்டை ஊர் ரிசர்வ் படைப்பிரிவு தன்னுடைய கௌரவ கர்னலாக வைத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகிவிட்டன. கவாத்து மண்டபத்துக் கூரை ஒழுகியபோது கூலி வாங்காமல் சரிபண்ணிக் கொடுத்தார், அதில் ஆரம்பித்த உறவு. தோளில் பட்டை உண்டு, கையில் அதிகாரம் கிடையாது. ஒரு சிப்பாயைத் தள்ளி நில் என்று சொல்லக்கூட அவரால் ஆகாது. கேட்பதுதான் அவர் வேலை. மீன் தொழிற்சாலையிலும் மரக்கடையிலும் பிழைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் கவாத்துக்கு வருகிற பிள்ளைகளுக்காக முதலாளிமாரிடம் லீவு கேட்பார். தூரதேசம் போனவர்களுக்குப் பார்சல் கட்ட ஊராரிடம் சாமான் கேட்பார். வீட்டில் தனியாக இருக்கிற தாய்மாரிடம் வாசல் பனியைத் தள்ள ஆள் வேண்டுமா என்று கேட்பார். காலமெல்லாம் ஏணி ஏறித் தேய்ந்த முழங்காலோடு இதெல்லாம் சேர்ந்துகொண்டது. அலுப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவரிடம் கூரை வேலை பார்த்த பாஸ்கலும் அந்தப் படைப்பிரிவில் ஒரு சிப்பாய். இருப்பதிலேயே இளையவன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு விருந்து நடக்கும். அன்றைக்கு அதிகாரிகள் பரிமாறுவார்கள், சிப்பாய்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இளையவன் படைத்தலைவரோடு சட்டையை மாற்றிக்கொள்வான். சாப்பாடு முடியும்வரை அவன் வைத்ததுதான் சட்டம். படைத்தலைவி கில்லியன் ராஃபூஸ் மற்ற நாளில் பள்ளிக்கூடத்து டீச்சர், ஒல்லியான உடம்பு. அவளுடைய கோட்டில் பாஸ்கலின் தோள் அடங்கவில்லை. பிதுங்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"கர்னல் சுரெட்! அந்தக் கிழங்குச் சட்டியைக் கீழ வைங்க. நான் அஃப்கானிஸ்தானுக்குப் பேர் கொடுத்துட்டேன். அதை எங்க அம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லணும். இது உத்தரவு!"

மண்டபமே சிரித்து உருண்டது. அவன் அம்மா டெல்ஃபின் அமிரோவின் வாயை அறியாதவர் அந்த ஊரில் யார்? வெண்டல் கரண்டியும் கையுமாக விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

மறுநாள் போய்ச் சொல்லவும் செய்தார். மீன் வெட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் டெல்ஃபின்.

"அவனுக்குத் தைரியம் இல்லாம உன்னை அனுப்பிச்சானாக்கும்?"

"ஆமா."

"உனக்கு மட்டும் இருக்கா?"

"எனக்கும் இல்ல. உத்தரவு, வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"எம்புருஷன் படகோட முழுகிப் போனப்ப எவனோ ஒரு போலீஸ்காரன் வாசல்ல நின்னு சொன்னான். தொப்பியைக்கூடக் கழட்டல. சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டான். இன்னைக்கும் கண்ணை மூடினா எம்புருஷன் மொகம் வரமாட்டேங்குது, அவன் மொகம்தான் வருது. அதனால கேட்டுக்க, வெண்டல். இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து சொல்லணும். இவனைத் தெரிஞ்ச வாய் சொல்லணும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆகுமா ஆகாதான்னு நான் கேக்கல. சொல்லுவியா?"

"நானே வந்து சொல்றேன்."

அந்த வார்த்தை ஜூலை மாதத்தில் வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

அன்று சனிக்கிழமை. பார்சலுக்குப் பணம் சேர்க்க மாதா கோயில் கூடத்தில் ராப்பி விருந்து. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழிச்சாறு ஊற்றிச் சுட்டெடுக்கிற பண்டம். அதற்கு மூட்டை மூட்டையாகக் கிழங்கு வேண்டும். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெண்டல் தோல் சீவினார்.

"சீவுற அழகைப் பாரு, தோலோட பாதிக் கிழங்கும் போகுது," என்றாள் பக்கத்தில் நின்ற வெர்னா. "கூரையும் இப்படித்தான் போடுவியா? அதான் எங்க வீடு ஒழுகுது."

"உன் வீட்டுக் கூரையை நான் போடல தாயி."

"போடச் சொல்லி மூணு தடவை கேட்டாச்சு. அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கூடம் கலகலத்தது. எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவள் கடைசி மேஜையில் துருவிக்கொண்டிருந்த டெல்ஃபின்தான். அந்நேரம் அவருடைய போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே படியில் வந்து நின்று எடுத்தார்.

"சார்," என்றாள் கில்லியன். "நம்ம பையன் ஒருத்தன்..."

"யாரு?"

"பாஸ்கல். வண்டி கண்ணிவெடி மேல ஏறிடுச்சு."

எதிரே கடல் சும்மா கிடந்தது. வெண்டல் படியில் உட்கார்ந்தார்.

"சொல்றதுக்கு ஒரு அதிகாரியும் பாதிரியாரும் ஹாலிஃபாக்ஸ் தலைமையகத்துல இருந்து கெளம்பிட்டாங்க. அவங்க வர்றவரைக்கும் யார் காதுக்கும் போகக்கூடாது சார். முன்ன ஒரு இடத்துல அவசரப்பட்டு, வேற பிள்ளையோட வீட்டுல போய்ச் சொல்லிட்டாங்க."

"இது பாஸ்கல்தானா?"

"பாஸ்கல்தான்."

"நான் டெல்ஃபினுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், கில்லியன். இந்தா, உள்ளதான் இருக்காங்க. சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

"உங்களுக்கு நான் உத்தரவு போட முடியாது சார். கேட்டுக்கிறேன், அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டு அவர் கூடத்தைச் சுற்றி நடந்தார். வண்டி வரும்வரை கிழங்கு சீவலாம். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அவள், தெரிஞ்சும் எதிரே உட்கார்ந்து சீவினியா என்று கேட்டால்? மறுபடி வாசலுக்கு வந்தபோது முடிவு பண்ணிவிட்டார். சொல்லிவிடுவது. வருவது வரட்டும்.

நேரே கடைசி மேஜைக்குப் போனார். டெல்ஃபின் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன்ல யாரு?"

"கில்லியன்."

துருவல் நின்றது.

"டெல்ஃபின், கொஞ்சம் வெளிய வா..."

"வாயை மூடு."

"நீதானே என்னைச் சொல்லச் சொன்ன..."

"நான்தான் சொன்னேன். நான் கேக்கறப்ப சொல்லு." குனிந்து மறுபடி துருவ ஆரம்பித்தாள். "இந்த வாளி முடியட்டும்."

அவர் நின்றார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கிழங்கு ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். வாளி நிறைந்தது. காலால் தள்ளிவிட்டு இன்னொரு வாளியை இழுத்து வைத்தாள்.

"அவனுக்கு ஓரம் கருகலா இருக்கணும்," என்றாள். "நடுவுல இருந்து எடுத்து வெச்சா தொடமாட்டான். உன் வேலையில எப்படி? சோறு கொண்டாந்தா தின்னுவானா?"

"மத்தவன் டப்பாவையும் சேர்த்துத் தின்னுவான்."

"தின்னுவான். பேய்த்தீனி."

வெர்னா எதையோ சொல்ல வாயெடுத்தவள் வெண்டலின் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். பேச்சு மேஜை மேஜையாக அடங்கிற்று. துருவியில் பட்டு டெல்ஃபினின் விரல்முட்டி கிழிந்து வெள்ளைத் துருவலில் சிவப்பு இறங்கியது. அவர் கையை நீட்டினார்.

"விடு," என்றாள். "வலிக்கல."

அவர் சொல்லாதவரைக்கும் அவள் பிள்ளை எங்கோ வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அது அவருக்குப் புரிந்தது. எத்தனை மூட்டையானாலும் சீவிக் கொடுக்க அவர் தயாராக இருந்தார். கிழங்குதான் தீர்ந்துவிட்டது.

வெளியே கார் கதவு இரண்டு தடவை சாத்துகிற சத்தம் கேட்டது. பளிச்சென்று உடுத்தின இளவயது அதிகாரி, பின்னால் பாதிரியார். இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள்.

"மிஸஸ் அமிரோ..." என்று அதிகாரி தொடங்கினான்.

டெல்ஃபின் ஈரக்கையைத் தூக்கிக் காட்டினாள். "நீ இல்லப்பா. சித்த நில்லு." பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வெண்டலின் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லு."

அதிகாரி பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் தலையசைத்தார்.

"டெல்ஃபின்," என்றார் வெண்டல். "பாஸ்கல் செத்துட்டான். கண்ணிவெடி மேல வண்டி ஏறிடுச்சு."

"வலிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. "தெரியல," என்றார்.

அவள் காலி மூட்டை மேல் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு அவரும் தரையில் இறங்கி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"பாஸ்கல் செத்துட்டான்."

"இன்னொரு தடவை."

இந்த முறை அவருக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. டெல்ஃபின் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவளே அதைச் சொன்னாள்.