எஞ்சினுக்கு ஒரு போர்வை

மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிரில் எஞ்சினை அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்தினால் நடுரோட்டில் வைத்துப் பழி தீர்த்துக்கொள்ளும். பனிக்கோடியில் இருக்கிற யாகுட்ஸ்க் ஊர்க்காரர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த புத்தி. அதனால் சயானா விடியும் முன்பே இறங்கி வந்து காரைக் கிளப்பி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, நாலாம் மாடிக்குத் திரும்பிப் போய்த் தேநீர் குடித்தாள். கதவைப் பூட்டவில்லை. அங்கே யாரும் பூட்டுவதில்லை. இந்தக் குளிரில் திருடன்கூட வீட்டில்தான் இருப்பான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

குடியிருப்பு முற்றத்தில் வரிசையாகக் கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். நம்பர் பலகைகளை உறைபனி மூடியிருந்தது. அவை விட்ட புகை மேலே போக வழியில்லாமல் பனிமூட்டத்தோடு கலந்து தரையிலேயே கிடந்தது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம்.

மகன் எரேலுக்கு மூன்று வயது. தூங்குகிறவனைக் கம்பளியில் சுருட்டிக் கொண்டுவந்து பின்சீட்டில் கிடத்தினாள். காருக்குள் அடுப்படி மாதிரி வெதுவெதுப்பு. வியர்த்துவிடும் என்று கம்பளியைத் தளர்த்தினாள். அப்போதுதான் அவனுடைய ரோமக் கோட்டையும் பூட்ஸையும் மேலேயே விட்டுவிட்டது உறைத்தது. அவை இல்லாமல் பாலர் பள்ளி வாசலில்கூட அவனை இறக்க முடியாது. தன் மறதியைத் திட்டிக்கொண்டே மறுபடி மாடிக்கு ஓடினாள். கோட்டு ஆணியிலேயே இருந்தது. ஒற்றைப் பூட்ஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது.

கீழே வந்து கதவைத் திறந்தாள். பின்சீட்டில் மகன் இல்லை. ஒரு சாக்கு நிறைய, விறகுக்கட்டைபோல் உறைந்த மீன்கள் கிடந்தன. கார் மாறித் திறந்துவிட்டோம் என்று அடுத்த இடத்துக்குப் போனாள். அங்கே கார் இல்லை. புகைக்குழாய் சூட்டில் கறுத்துப்போன பனியும் டயர் தடமும்தான் இருந்தன.

அந்தக் காலி இடத்தை ஒட்டித் தன் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்த கீழ்வீட்டு தியுலுஸ் கண்ணாடியை இறக்கினான்.

"சயானாக்கா, நீயா? அப்ப உன் காரை ஓட்டிட்டுப் போனது யாரு?"

"யாருடா போனது?"

"ஒரு பெரியவரு. மூக்குக் கண்ணாடி பனி படிஞ்சிடுச்சின்னு கழட்டிக் கையில வச்சுக்கிட்டே ஏறினாரு. உன் மாமனாருன்னு நெனச்சேன்."

"எனக்கு ஏதுடா மாமனாரு. எரேல் உள்ள இருக்கான்."

தியுலுஸ் உடனே போலீஸுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "நம்பர் பலகையெல்லாம் பனி மூடிக் கெடக்கு, வெள்ளைக் காருன்னா எந்த வெள்ளைக் காருன்னு கேக்குறான்க்கா."

சயானாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மீன் காருக்குச் சொந்தக்காரர் காரை மாற்றி எடுத்துப் போயிருக்கிறார். எஞ்சின் ஓடும்வரை பயமில்லை. வீடு போய்ச் சேர்ந்து அவர் அதை அணைத்தால்தான் ஆபத்து. அணைத்த கார் சீக்கிரமே வெளியே இருக்கிற குளிருக்கு இறங்கிவிடும். உள்ளே இருப்பவன் காலில் வெறும் சாக்ஸ்.

மீன் காருக்குள் பாய்ந்து ஏறினாள். முன்பக்கம் ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. கடைசியாகப் பேசிய பெயர் அக்குலினா. அழுத்தினாள்.

"எங்க இருக்கீங்க? மீனை உங்க அண்ணன் வீட்லயே விட்டுட்டு வந்துடாதீங்க."

"அம்மா, நான் சயானா பேசறேன்."

"யாருடி நீ? அவரு போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அவரு கார்ல இருந்துச்சும்மா. அவரு என் காரை..."

"ஓ, உன் காரா. அண்ணன் வீடு அண்ணன் வீடுன்னு என் புருசன் ப்ரகோப்பி ராத்தங்கினது அங்கதானா?"

அக்குலினா போனை வைத்துவிட்டாள். சயானா மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"வெக்கங்கெட்டவளே, இந்தா, மனுசன் வந்து எறங்கிட்டாரு. ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எஞ்சினை அணைச்சிட்டாராம்மா?"

"அணைச்சா உனக்கென்ன, அணைக்காட்டி உனக்கென்ன? அணைச்சிட்டு எஞ்சினுக்குப் போர்வை போத்திக்கிட்டு இருக்காரு. நாலு மூலையும் சொருவி, தட்டிக் குடுத்து. நாப்பது வருசத்துல எனக்கு ஒரு நாள் இப்படிப் போத்திவிட்டிருப்பாரா?"

"அம்மா, உங்க கால்ல விழறேன். அந்தக் கார்ல குழந்தை இருக்கு."

"குழந்தை வேறயா?"

லைன் அறுந்தது. அதன்பிறகு எத்தனை முறை அழுத்தியும் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

சயானாவின் மடியில் மகனின் பூட்ஸ். வீடு எங்கே என்று தெரியாது. தெருப் பெயர் தெரியாது. எல்லாம் இப்போது அந்த அக்குலினாவின் குணத்தில் இருந்தது. புருசன் துரோகம் செய்தான் என்றதும் மூலையில் முடங்கி அழுகிற பெண்ணா, எழுந்துபோய்ச் சட்டையைப் பிடிக்கிற பெண்ணா? அழுகிறவளாக இருந்தால் எரேல் பிழைக்க மாட்டான். கடவுளே, அவள் சண்டைக்காரியாக இருக்கட்டும் என்று சயானா வேண்டினாள். அப்படி ஒரு வேண்டுதலை அதுவரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

போன் அடித்தது.

"பையன் பேரென்ன?" அதே குரல்தான். ஆனால் மூச்சு வாங்கியது.

"எரேல்."

"எரேலு, இந்தா, உங்கம்மா."

"அம்மா, இந்த ஆயா தாத்தாவக் கரண்டியால அடிச்சிட்டாங்க."

சயானாவுக்கு அடக்கிவைத்த அழுகை முழுவதும் அப்போதுதான் வந்தது. அக்குலினா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அழாத தாயி. காலு ரெண்டும் சில்லுனு இருந்துச்சு, என் அக்குள்ள வச்சிருக்கேன். எங்கய்யா உன் புள்ளன்னு கேக்கத்தான் கரண்டியோட போனேன். மனுசன் திருதிருன்னு முழிச்சாரு. பின்கதவைத் திறந்தேன். ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ஆளை நான் நம்புறவளா இருந்திருந்தா, எவளோ நம்பர் மாத்திப் போட்டுட்டான்னு சூப்பைக் கிண்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

பெண்டாட்டி சந்தேகம் குடியைக் கெடுக்கும் என்பார்கள். கெடுக்கட்டும்.

வழி கேட்டுக்கொண்டு தியுலுஸ்தான் மீன் காரை ஓட்டினான். சயானா பூட்ஸை மடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வந்தாள்.

வாசலில் ப்ரகோப்பி குல்லாகூட இல்லாமல் நின்றிருந்தார். கண்ணீர் இமையிலேயே உறைந்திருந்தது.

"எஞ்சின் ஆறிடக் கூடாதுன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேம்மா. பின்னாடி திரும்பிப் பாக்கல."

சயானா அவரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள்.

மகனை ரோமக் கோட்டில் பொதிந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் தன் காரைப் பார்த்தாள். திறந்த மூடிக்குக் கீழே எஞ்சின்மேல் தடித்த போர்வை கச்சிதமாகச் சொருகியிருந்தது. பின்ஜன்னலின் உட்பக்கம் அதற்குள் வெள்ளையாகப் பனி படர்ந்துவிட்டது. வெளியே பார்ப்பதற்காக ஒரு சின்னக் கை துடைத்த இடம் மட்டும் அதில் தெளிவாக இருந்தது.