சனிக்கிழமை ஒப்பாரி

கேரளத்தில் விதுராவுக்கு மேலே, பொன்முடி போகும் வழியில், மூடிப்போன தேயிலைத் தோட்டத்து பங்களாவை ரிசார்ட் ஆக்கினார்கள். மலையும் மஞ்சும் போதவில்லையாம். விருந்தாளிகளுக்குப் பாரம்பரிய இசையும் வேண்டுமாம். மேனேஜர் அனில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே இறங்கி வந்து, அங்கே கொழுந்து பறித்த சுடலைமாடத்தியிடம் கேட்டான்.

"அம்மே, கொழுந்து நுள்ளும்போ பாடின பாட்டு ஏதாச்சும் உண்டோ?"

"கங்காணி வாயத் தொறக்க விட்டாத்தானய்யா பாடுறதுக்கு? எனக்குத் தெரிஞ்சது ஒப்பாரி மட்டுந்தான்."

"அது மதி, அது போதும். கேக்குறவங்களுக்கு பாஷை தெரியாதுல்லோ."

தோட்டம் மூடியபிறகு அடுப்பெரிய வேறு வழியில்லை. சனிக்கிழமை தோறும் ரிசார்ட் கொடுத்த சிவப்புச் சேலையைக் கட்டி, கூடையை முதுகில் மாட்டி, யார் யாரோ செத்ததற்குப் பாடினதையெல்லாம் பாடினாள். விருந்தாளிகள் சூப் குடித்தபடி கேட்டுக் கைதட்டினார்கள். சாவுப் பாட்டுக்குத் தலையாட்டும் ஜனங்களை என்னவென்று சொல்ல! வீட்டுக்கு வந்து சொன்னால், புருஷன் இசக்கிமுத்து இருமலோடு சிரிப்பார்.

"எல்லாத்தையும் அங்கேயே பாடித் தீத்துராத பிள்ளே. எனக்குக் கொஞ்சம் வச்சிரு."

"ஒமக்குத் தனியா வச்சிருக்கேன்."

வெறும் பேச்சில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு அவர் மலையேறி வந்த கதையை, அவர் பெயரோடு மனசுக்குள் பாட்டாகக் கட்டி வைத்திருந்தாள்.

மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை இருமல் அவரைக் கொண்டுபோயிற்று. தலைமாட்டில் உட்கார்ந்து முதல் அடியை எடுத்தாள். அப்போது ஜீப் வந்து நின்றது. அனில் மலர்வளையத்தோடு இறங்கினான். பின்னால், அன்றைய நிகழ்ச்சி இல்லையென்று ஏமாந்த விருந்தாளிகள். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள், அதையும் சொல்லவேண்டும். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். மூச்சு வாங்கச் சுடலைமாடத்தி நிறுத்தியதும், பாட்டு முடிந்ததென்று நினைத்து யாரோ கைதட்டிவிட்டார்.

அவளுக்குப் பாட்டு அங்கேயே அறுந்துபோயிற்று. பிறகு வரவேயில்லை. பாட்டில்லாமலே தூக்கிப் போனார்கள்.

"ஊருக்கெல்லாம் பாடினவ, கட்டினவனுக்கு வாயத் தொறக்கலியே. கல்நெஞ்சுக்காரி," என்று லயத்துப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

காரியம் முடிந்த பின் வந்த சனிக்கிழமை ரிசார்ட் ஜீப் வந்தது. வீட்டில் அரிசியில்லை. ஏறினாள். அதே சிவப்புச் சேலையைக் கட்டச் சொன்னார்கள், பொட்டும் வைக்கச் சொன்னார்கள். கூடையோடு விளக்கு வெளிச்சத்தில் நின்றதும், எங்கே ஒளிந்திருந்ததோ அந்தப் பாட்டு, இசக்கிமுத்து பெயரோடு முழுசாக வந்தது. கண்ணீர் வழிய வழியப் பாடி முடித்தாள்.

"ஒன்ஸ் மோர்!" என்றார்கள்.

பாடினாள்.