ஒரே தொண்டையில் இரண்டு குரல்

"கல்லறையில எழுதப் போற வரியை மாத்துங்க. அந்த மேல்குரல் எங்கம்மாவோடது. அவங்க பேரைப் போடுங்க."

ஊர் மன்றத்தின் வாசலில் நின்று இதைச் சொன்னேன். உள்ளே நாற்பது ஆண்கள். இதை மட்டும் யாரிடமும் கேட்கக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் கேட்டிருந்தாள். நான் தலையை மட்டும் ஆட்டி வைத்திருந்தேன். சட்டம் படித்து நான் கற்ற முதல் வித்தை அது.

பாடகர் ஓபெட் இறந்து அன்றைக்கு நூறாவது நாள். செத்தவருக்காக நூறு நாள் சவரம் செய்யாமல் இருப்பது எங்கள் ஊரில் சொந்தக்காரர்களின் வேலை. ஓபெட்டுக்காக மட்டும் ரசிகர்களும் தாடி வளர்த்தார்கள். எங்கள் நாடான வனுவாட்டு முழுக்க, பெயர் தெரியாத தீவுகளில்கூட, கிழவர்கள் தாடியோடு திரிந்தார்கள். நூறாவது நாள் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்து, மன்றத்தில் வரிசையாக உட்கார்ந்து மழித்துக்கொண்டார்கள். வெளியே கல்லறைக்கு சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். தலைநகர் விலாவிலிருந்து வந்த ரேடியோக்காரர் மைக்கைத் தூணில் கட்டியிருந்தார்.

காலையிலிருந்து அதே கதைகள்தான். டாக்சி ஓட்டும் ரசிகர் சங்கச் செயலாளர் ஜோயல், ஓபெட்டின் அந்த ஒரு கேசட்டைத் தன் வண்டியில் போட்டுப் போட்டு நாடாவே தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்றார். இன்னொருவர் அந்தப் பாட்டைப் பாடித்தான் பெண் கேட்டாராம். பெண் வீட்டார் துரத்தினார்களாம், பெண் மட்டும் வந்தாளாம். பொய்யில்லை, அவர் அழுதார். எல்லோரும் அழுதார்கள். எங்கள் பாட்டுக்குள் மின்சாரக் கிதாரைக் கொண்டுவந்த முதல் ஆள் ஓபெட். அதற்கு முன் யூகலேலி என்கிற நாலு கம்பிக் குட்டிக் கிதாரும், தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிய பாஸ் வாத்தியமும்தான். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. நானும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

'கரையில் நில்லு' என்று பெயர். ஒருத்தன் படகிலிருந்து கூப்பிடுகிறான், ஒருத்தி கரையிலிருந்து பதில் சொல்கிறாள். கீழ்க்குரல் ஓபெட்டுடையது, சரளைக்கல் உருள்கிற மாதிரி. மேல்குரல் மெல்லிசாக, உடையாமல் ஏறும். எங்கள் ஊர்ப் பாட்டுக் குழுக்களில் மேல்குரலைப் பாடுவது எப்போதும் ஆண்தான். பெண்கள் குழுவில் உட்காரமாட்டார்கள். அதனால் அந்தக் குரலைக் கேட்ட ஒருவனுக்கும் இது பெண்ணாக இருக்குமோ என்று தோன்றவில்லை. ஓபெட் மேடையில் மேல்குரல் பாடுவார். ஆகவே கேசட்டிலும் அவர்தான். கீழ்க்குரலும் அவர்தானே என்று யாராவது கேட்டால், அதுதான் ஓபெட், ஒரே தொண்டையில் இரண்டு குரல் என்பார்கள். அந்த வரியைத்தான் கல்லறையில் எழுதப் போகிறார்கள்.

ஓபெட்டிடமே ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்.

அவர் இறந்த செய்தி வந்த அன்று, ரேடியோவில் பாட்டு போட்டார்கள். அம்மா கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "ரெண்டாவது அடியில நான் மூச்சு வாங்குறது இன்னும் கேக்குது பாரு," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது.

மீதியை இழுத்து வாங்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பள்ளிக்கூட அறை, சுவரில் மெத்தை, கடன் வாங்கிய ஒரே ரெக்கார்டர். மறுநாள் காலை அதன் சொந்தக்காரர் கப்பலேறுகிறார். ஓபெட்டுக்குச் சளி. கீழ்க்குரல் வருகிறது, மேலே ஏறினால் தவளை. சாப்பாடு கொண்டுபோன அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. தட்டிக்குப் பின்னால் நின்று பாடினாள். யூகலேலி வாசித்தவர் அவளுடைய சொந்த அண்ணன், சிமியோன் மாமா.

அங்கேதான் முடிச்சு. எங்கள் ஊரில் அண்ணன் காதுபட தங்கை காதல் பாட்டு பாடக்கூடாது. அவன் இருக்கிற அறையில் அந்த மாதிரிச் சொல்லே வாயில் வரக்கூடாது. தெரிந்தால் அண்ணனுக்கு முகம், அதாவது மானம், போய்விடும். மாமா அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு வாசித்தார், பிறகு கேட்கவே இல்லை என்று ஆக்கிக்கொண்டார். இன்று அவர் சபை மூப்பர். அந்தக் குழுவில் உயிரோடிருக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

நான் வாசலில் நின்று கேட்டபோது அவர் சவர நாற்காலியில் இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் மழித்தாயிற்று, மறு பக்கம் நூறு நாள் தாடி. சவரக் கத்தி நின்றது.

முதலில் பேசியது ஜோயல்தான். "பங்கு கேட்டு வந்திருக்கு போல. வக்கீலம்மா, கேசட் வித்து ஓபெட் ஒரு செருப்புகூட வாங்கல. தப்பான வீட்டுல வந்து தட்டுற."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரே மைக்கு, ஒரே தடவை பாடினது," என்றேன். "கீழ்க்குரலும் மேல்குரலும் சேர்ந்து வருது. ஒரு ஆள் எப்படிண்ணே ஒரே நேரத்துல ரெண்டும் பாடுவாரு?"

"அதனாலதானேம்மா அவரு ஓபெட்டு."

கைதட்டினார்கள். தாடி மழித்தவன், மழிக்காதவன் எல்லோரும். ஒருவர் பின்னாலிருந்து மேல்குரலைப் பாடியே காட்டினார், பாதியில் இருமல் வந்துவிட்டது. ஒரு மனிதனுக்கு இரண்டு தொண்டை இருந்தது என்று நம்புவார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு தொண்டை இருந்தது என்று நம்பமாட்டார்கள்.

நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, நீங்க அந்த அறையில இருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

எங்கள் குலம் அம்மா வழி. எனக்குப் பெயர் வைத்தவர் அவர். படிக்க வைத்தது அம்மாவின் சந்தைக்கடைதான், என்றாலும் விலாவுக்கு முதல் நாள் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். தாய்மாமனை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும்.

அவர் சோப்பு நுரையைத் துடைக்கவில்லை. "உங்கம்மா அனுப்பினாளா?"

"கேக்கவே கூடாதுன்னாங்க."

"எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இருக்குற புத்தி உனக்கு இல்ல." ரேடியோ மைக்கை ஒரு தடவை பார்த்தார். "அந்தக் குரல் ஓபெட்டோடது. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். போ, போய் அடுப்பைப் பாரு."

அவர் கை நாற்காலியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டின் தாளம். எனக்கு மட்டுமா தெரிந்தது, மற்றவர்களும் பார்த்தார்களா, தெரியாது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் ஓபெட் மேல் இருந்த கோபம்கூட எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஓபெட் செத்துவிட்டார். இவர் உயிரோடு உட்கார்ந்து தன் தங்கையை இன்னொரு தடவை தட்டிக்குப் பின்னால் அனுப்புகிறார்.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். சிமெண்ட் காய்ந்துவிடும், சீக்கிரம் மழித்து முடியுங்கள் என்றார். கத்தி மறுபடி ஓடியது. எனக்கான நேரம் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

மாமா மறுப்பார் என்று தெரியாமல் நான் வரவில்லை.

அன்று காலை தேவாலயத்துக்குப் பின்னால் மாமரத்தில் ஒரு பன்றி கட்டியிருந்தேன். பல் வளைந்த பெரிய பன்றி, எங்கள் ஊரில் அதற்குத்தான் மதிப்பு. பக்கத்து ஊரில் வாங்கி வண்டியில் ஏற்றி வந்தேன். ஓபெட் விருந்துக்கு என்று நினைத்து ஜோயலே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பன்றி மேல் அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்புப் பாய்.

அண்ணன் முகம் போனால் தங்கையோ தங்கை பிள்ளையோ பன்றியும் பாயும் வைத்து அந்த முகத்தைக் கழுவிக்கொடுக்கலாம். இது சட்டப் புத்தகத்தில் இல்லை, அதைவிடப் பழசு. பன்றியை வைத்துவிட்டால் அது எதற்காக வந்தது என்று தலைவர் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லியாக வேண்டும். யார், எந்த நாள், எந்தப் பாட்டு, எல்லாம். அதற்குப் பிறகு அண்ணன் கயிற்றைக் கையில் வாங்க வேண்டும். வாங்கினால் நடந்தது உண்மை என்று ஆகும். வாங்காவிட்டால் அம்மா இனி அவருக்குத் தங்கை இல்லை, நான் அவர் மருமகளும் இல்லை. அவள் செத்தால் அவர் தாடி வளர்க்க முடியாது.

வாங்காமலும் போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் பன்றி வாங்கினேன்.

"சரி மாமா," என்றேன். "நீங்க மழிச்சு முடிங்க."

மாமா கண்ணாடியிலிருந்து தலையைத் திருப்பினார். நான் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிற பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியும். கத்தி கன்னத்தில் கீறி நுரை லேசாகச் சிவந்தது.

உள்ளே யாரோ கேசட்டைப் போட்டார்கள். வெளியே பெண்கள் மண்ணடுப்பின் சூடான கல்லை விலக்கி, வெந்த இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்திருந்தாள். மேல்குரல் ஏறியது. நான் வருவதை அவள் பார்த்தாள். என் கண் மாமரத்தின் பக்கம் இருப்பதையும் பார்த்தாள். பாய் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"தபித்தா," என்று என்னைக் கூப்பிட்டாள்.

பாட்டில் இரண்டாவது அடி வந்தது. மூச்சு வாங்கும் சத்தம், நிஜமாகவே கேட்கிறது. நான் அவளைத் தாண்டி நடந்தேன், கயிற்றை அவிழ்க்க.