திங்கட்கிழமைக்குள் ஒரு லேப்டாப்

உம்மு சல்மா செய்த ஒரே தப்பு, குடும்பத்தைக் கேட்டதுதான்.

வியாழக்கிழமை மாலை, 'நாகூர் வீட்டார்' என்ற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாள். "லேப்டாப் வாங்கணும். இப்ப வாங்கலாமா?"

போட்ட அரை நிமிடத்தில் 'இம்ரான் டைப் செய்கிறார்' என்று வந்துவிட்டது. சல்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இம்ரான் அவளுடைய தம்பி. கிளமெண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தக் குடும்பத்தில் அவனைக் கேட்காமல் யாரும் ஒயர் உள்ள சாமானை வாங்குவதில்லை. போன், ஃபிரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர் வரைக்கும் அவன் வார்த்தைதான். அவன் வார்த்தையும் எப்போதும் ஒன்றுதான்.

"லாத்தா, இப்ப வாங்கிடாதீங்க. ரெண்டு மாசத்துல புது சிப் வருது. வெயிட் பண்ணுங்க."

அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. ஃபஸீலா மாமியுடைய கட்டைவிரலும் அதில் இருந்தது. அவர் வாஷிங் மெஷின் பழுதாகி ஏழு மாதம். புது இன்வர்டர் மாடல் வரட்டும் என்று இம்ரான் சொல்லியிருந்தான். மாமி வாளியில் துவைத்துக்கொண்டிருந்தார்.

"அதான் சொல்லிட்டான்ல, ரெண்டு மாசம்தானே லா," என்றார் கணவர் காதர் மைதீன். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை. கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டபடியே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு அனுப்பணும் மச்சான். ரெண்டு மாசம் கழிச்சு இல்ல."

"கமலாகிட்ட சொல்லிப் பாரேன்."

"ரெண்டு தடவை சொல்லிட்டேனே!"

கமலா ஒரு சப்டைட்டில் கம்பெனியில் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவள். தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் எழுதி, படத்தின் அடியில் ஓடவிட வேண்டும். சல்மாவுக்கு இரண்டு மொழியும் கைவசம். இத்தனை வருடம் பாலர் பள்ளிகளில் யாராவது லீவு போட்டால் மட்டும் கூப்பிடப்படும் டீச்சராக இருந்தவள். இது அவள் பெயருக்கே வந்த வேலை. முதல் முறை கமலா கூப்பிட்டபோது, இம்ரான் கம்ப்யூட்டர் கண்காட்சி வரைக்கும் பொறுக்கச் சொன்னான். இரண்டாம் முறை வருடக் கடைசி சேல் வரைக்கும். இரண்டு வேலையும் வேறு யாருக்கோ போயின.

இந்த முறை கமலா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "இருபது நிமிஷம் சேம்பிள் அனுப்புறேன் அக்கா. சரியா வந்தா சீரீஸ் முழுக்க உங்களுக்கு. இந்த வாட்டியும் முடியலன்னா உங்க பேரை எடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"அமீராவோட லேப்டாப்ல செஞ்சா என்ன?" என்றார் காதர்.

"எனக்கும் திங்கக்கிழமைதான் ப்ராஜெக்ட் சப்மிஷன் வாப்பா," அறைக்குள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். "மாமாவைக் கேளுங்க. ரெண்டு மாசம் வெயிட் பண்ணச் சொல்லி என் லெக்சரருக்கு மெசேஜ் போடுவாரு."

வெள்ளிக்கிழமை மதியம் சல்மா தன் பழைய லேப்டாப்பிலேயே உட்கார்ந்தாள். அதற்கு ஒன்பது வயது. சார்ஜரைப் பிடுங்கினால் செத்துவிடும். பிடுங்காவிட்டால் இரையும்.

படத்தில், கிராஞ்சியில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் மருதப்பன் பேசினார். "இங்க மழை சொல்லாம வரும், எங்க சூப்பர்வைசர் மாதிரி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. சல்மா அதை ஆங்கிலத்தில் எழுதினாள். வாய் திறக்கும்போது எழுத்து வரவேண்டும், மூடும்போது போகவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஓட்டிப் பார்த்தாள். படம் திணறி நின்றது, பிறகு ஓடியது. மருதப்பன் சிரித்து முடித்து, தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகுதான் எழுத்து வந்தது.

மறுபடியும் சரிசெய்தாள். மறுபடியும் தப்பியது. நாற்பது வரி முடித்திருந்தபோது திரை கறுத்தது. திறந்து பார்த்தால் நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

சல்மா அழவில்லை. லேப்டாப்பை மூடி, அதன் மேல் துண்டைப் போர்த்தினாள்.

சனிக்கிழமை காலை அவள் லிட்டில் இந்தியாவில் இருந்தாள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு அடுத்து பிரபாகரின் கம்ப்யூட்டர் கடை. வெயில் ஏறுமுன்பே கூட்டம் ஏறியிருந்தது.

"என்ன வேலைக்கு வேணும்க்கா?" என்றார் பிரபாகர்.

இத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். சல்மா பென்டிரைவை நீட்டினாள். பிரபாகர் நடுத்தர விலையில் இருந்த ஒரு லேப்டாப்பில் அதைச் செருகினார். மருதப்பன் பேசினார். சல்மா நின்றபடியே ஒரு வரி அடித்து ஓட்டினாள். சிரிப்பும் எழுத்தும் சேர்ந்து வந்தன.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இம்ரான்.

"லாத்தா, மச்சான் சொன்னாரு. கடையை விட்டு வெளியே வாங்க!"

"ஏன், தீப்பிடிச்சுருக்கா?"

"விளையாடாதீங்க. எதையும் தொடாதீங்க. இதோ வர்றேன்."

"வாடா. வந்து பாரு."

முக்கால் மணி நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். முதுகில் பை. வந்ததும் பிரபாகரைப் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தான். எந்தத் தலைமுறை சிப்? திரைக்கு எத்தனை வெளிச்சம்? ஏன் இந்தப் பக்கம் ஒயர் செருக ஒரு ஓட்டைதான் இருக்கிறது? பிரபாகர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பார்த்தீங்களா லாத்தா, இது போன வருஷ மாடல். ரெண்டு மாசத்துல இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். சரி, உன் லேப்டாப்பை எடு."

"என்னதா? எதுக்கு?"

"நல்ல லேப்டாப் எப்படி இருக்கும்னு பார்த்துட்டு வாங்குறேன். எடுடா."

இம்ரான் தயங்கினான். பையின் ஜிப்பை மெல்லத் திறந்தான். வெளியே வந்ததைப் பார்த்து, பிரபாகர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூடி ஒரு பக்கம் பிளந்து, இரண்டு ரப்பர் பேண்டில் நின்றது. அடிப்பக்கம் பேட்டரி உப்பி, மேசையில் வைத்ததும் படகு மாதிரி ஆடியது. விசைப்பலகையில் மூன்று எழுத்தைக் காணோம்.

"இது எப்ப வாங்கினது?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு." குரல் இறங்கிவிட்டது. "மாத்தலாம்னுதான் இருந்தேன் லாத்தா. நல்ல ஸ்கிரீன் வரட்டும்னு பார்த்தேன். அது வந்ததும் சிப் மாறப்போகுதுன்னாங்க. அப்புறம் ஏஐ..."

"ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ்ல குடுத்துருக்காங்க. இதுல என்னதான்டா செய்யுற?"

இம்ரான் தரையைப் பார்த்தான். "புது மாடல் ரிவ்யூ பார்ப்பேன்."

பிரபாகருக்கு இருமல் வந்தது. சல்மா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, தன் டீச்சர் சம்பளம் சேர்ந்திருந்த கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுக்கு பில் போடுங்க தம்பி."

"லாத்தா, ஒரு நிமிஷம், இன்னும் ரெண்டே மாசம்..."

"இம்ரான். நீ சொல்லி நான் ரெண்டு தடவை காத்திருந்தேன். ரெண்டு தடவையும் புது மாடல் வந்துச்சு. எனக்கு வேலை வரல."

வெளியே வந்ததும் பெட்டியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். "வாங்கிட்டேன்." இந்த முறை கேள்விக்குறி இல்லை. ஒரு கட்டைவிரல்கூட நிமிரவில்லை.

சனி மதியமும் ஞாயிறும் மருதப்பனோடு போயின. திங்கட்கிழமை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு சேம்பிள் கமலாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை காலை காதர் மைதீன் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். முகத்தில் பெருநாள் களை.

"பார்த்தியா! ரெண்டு மாசம்கூட ஆகல. நேத்தே புது மாடல் அறிவிச்சுட்டான். நீ வாங்கினது விலைல இருநூத்தைம்பது வெள்ளி இறங்கிடுச்சு. குரூப்ல எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க."

இருநூற்றைம்பது வெள்ளி. சல்மாவுக்கு உறைக்காமல் இல்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அது திங்கக்கிழமைக்கு நான் குடுத்த விலை மச்சான். இறங்கினது லேப்டாப் விலை. திங்கக்கிழமை விலை இறங்காது."

"பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. கமலா என்ன சொன்னா?"

சல்மா போனை அவர் முன்னால் வைத்தாள். கமலாவின் செய்தி காலையிலேயே வந்திருந்தது. 'ரெண்டு இடத்துல ஸ்பெல்லிங் மாத்துங்க அக்கா. டைமிங் ரொம்ப சுத்தம். ஏழு பாகமும் உங்களுக்கு. முதல் பாகம் வெள்ளிக்கிழமை வேணும்.'

காதர் இரண்டு தடவை படித்தார். பிறகு தனக்குத்தானே டீ ஊற்றிக்கொண்டார். அவளுக்கும் ஒன்று ஊற்றினார்.

மதியம் ஃபஸீலா மாமி அழைத்தார். குழுவில் அல்ல, தனியாக. குரலை வேறு தாழ்த்தியிருந்தார்.

"சல்மா, உனக்குத் தெரிஞ்ச கடை ஏதும் இருக்கா? வாஷிங் மெஷினுக்கு. இம்ரானுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் இருவரும் சிராங்கூன் ரோட்டில் ஒரு பெரிய கடையில் நின்றார்கள். சல்மாவின் தோளில் லேப்டாப் பை. மாமியை விட்டுவிட்டு நேராக நூலகம் போய் முதல் பாகத்தை முடிக்க வேண்டும். விற்பனைப் பையன் வரிசையாக இருந்த மெஷின்களைக் காட்டி, இன்வர்டர், நீராவி, அடுத்த மாதம் வரப்போகும் மாடல் என்று ஆரம்பித்தான்.

மாமி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். ஏழு மாதம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை.

"அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. இது இன்னைக்கு வீட்டுக்கு வருமா?"