கைப்பையில் பன்னிரண்டு வாக்குத்தத்தங்கள்

வருஷத்தின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும், சபையில் வீட்டுக்கு ஒருவராக வரிசையில் வந்து, கூடைக்குள் கைவிட்டு, ரிப்பன் கட்டிய அட்டைச் சுருள் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வீட்டுக்கு அந்த வருஷத்து வாக்குத்தத்தம். சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டால் டிசம்பர் வரைக்கும் கடவுள் பார்த்துக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டில் சோனியாவுக்கு மூன்று வருஷமாக ஒரு மனத்தாங்கல். மூன்று வருஷமும் அவள் கைக்கு வந்தது கிருபை போதும் என்கிற ஒரே வசனம். நல்ல வசனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சபையில் விவரம் தெரிந்த யாரும் அதற்கு ஆசைப்பட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குப் பாஸ்டர் படித்துக் காட்டுகிற வசனம் அது. இருப்பதை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று கடவுள் மரியாதையாகச் சொல்வதாகவே சோனியா எடுத்துக்கொண்டாள்.

அதே மூன்று வருஷமும் கொழுந்தன் சுரேந்தரின் மனைவி அனுப்ரியாவுக்கு வந்தது பெருகப்பண்ணுகிற வசனம். பெருகவும் செய்தது. சுரேந்தரின் டைல்ஸ் கடை ஒன்று மூன்றாகி, ஊருக்கு வெளியே போகாதியில் ஆறு ரூம் வீடும் எழும்பிவிட்டது. சோனியாவோ பன்னிமண்டபத்தில் அதே இரண்டு ரூம் வாடகை வீட்டில், அதே ஒற்றை மெஷினில், அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் ஒரு தையல் கடை, மேலே தன் பெயர் போட்ட போர்டு. அவள் கேட்டது அவ்வளவுதான். அட்டை மாறாமல் கடை வராது என்பது அவளுடைய அசையாத விசுவாசம்.

இந்த வருஷம் அட்டைகளைச் சுருட்டி ரிப்பன் கட்டும் வேலையை மாதர் சங்கம் அவளிடமே கொடுத்தது. ஐந்து வசனம், வசனத்துக்குப் பன்னிரண்டு, ஆக அறுபது வீட்டுக்கு அறுபது. கட்டைப் பிரித்தால் மேலாகக் கிருபைதான் உட்கார்ந்திருந்தது. புருஷன் உதயகுமார் பாக்டரிக்குப் போயிருந்தான். சோனியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தப் பன்னிரண்டையும் தனியாக எடுத்தாள். குப்பையில் போட முடியாது, வசனம். எரிப்பது அதைவிட மோசம். மனசு கேட்காமல் அவற்றுக்கும் ரிப்பன் கட்டி, கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். ஊருக்குப் போகிறவர்கள், சளி பிடித்தவர்கள், பாஸ்டரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்று எப்படியும் பதினைந்து வீடு வராது என்பது அவள் கணக்கு.

அந்த வருஷம் பார்த்து எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அரண்மனை பார்க்க வந்த கூட்டத்தால் ஊருக்குப் போகிறவர்கள் ஒருவருக்கும் பஸ் கிடைக்கவில்லை. சளிக்காரர்களுக்குச் சளி விட்டிருந்தது. கோபக்காரர்கள் கிறிஸ்துமஸ் கேக்கோடு சமாதானமாகியிருந்தார்கள். பாஸ்டர் பக்கத்தில் கூடையைப் பிடித்து நின்ற சோனியாவுக்கு, கூடை இலேசாக ஆக, தோளில் தொங்கிய கைப்பை கனத்துக்கொண்டே வந்தது. கூடை பிடிப்பவர்கள் கடைசியில் எடுப்பதுதான் வழக்கம்.

நாற்பத்தெட்டுப் பேர் போனபிறகு பாப்பம்மாள் கையை விட்டாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, வீட்டில் ஒற்றை ஆள். விரல்கள் கூடையின் அடிப் பிரம்பைத்தான் தடவின. பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். அச்சகத்தில் குறைத்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பாஸ்டர் வருத்தப்பட்டார். சோனியா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"பரவாயில்லைங்கய்யா," என்றாள் பாப்பம்மாள். "எம் வீட்டுக்குன்னு வர்ற காயிதம் வருஷத்துக்கு இது ஒண்ணுதான். அதான் பாத்தேன்."

சோனியா ஜிப்பைத் திறந்தாள். சபை அமைதியாக இருந்ததால் அந்தச் சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. பத்திரமாக இருக்கட்டுமென்று கொஞ்சம் தனியாக வைத்திருந்ததாக ஏதோ உளறிக்கொண்டே பதினொரு சுருளையும் கொடுத்தாள். பிரித்தால் பதினொன்றும் ஒரே வசனம். பாஸ்டர் அட்டைகளைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"சோனியாவுக்கு இந்த வசனம் ரொம்பப் பிடிக்கும்போல," என்றார்.

நாலாவது பெஞ்சில் உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். ஜெபிக்கிறவனுக்குத் தோள் அப்படிக் குலுங்காது.

வெளியே டீ கொடுக்கும் இடத்தில் சோனியா ஒரு தூண் பின்னால் ஒளிந்து நின்றாள். அங்கேயும் அனுப்ரியா தேடிக்கொண்டு வந்தாள். கையில் நாலாவது வருஷமாகப் பெருகப்பண்ணுகிற அட்டை.

"அக்கா, பையில இன்னும் ஒண்ணு இருக்கில்ல? அத எனக்குக் குடுத்துட்டு இத நீங்க வச்சுக்கோங்க. எனக்குச் சாக்கு சாக்காயிடுச்சு."

அலுப்பு முற்றினால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்; சாக்கு என்றால் போதும். கடை மூன்றானதிலிருந்து சுரேந்தர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். நாலு பேருக்கு ஆறு ரூம் இருப்பதால் சாப்பிடக் கூப்பிடக்கூடப் பிள்ளைகளுக்கு போன் போட வேண்டியிருக்கிறதாம். அவளுக்குச் சர்க்கரையும் பெருகியிருந்தது.

"இன்னும் என்னத்தக்கா பெருகணும்? கிறிஸ்துமஸ் அன்னிக்கு நானும் டிவியும்தான் கேக் வெட்டினோம்."

மூன்று வருஷம் முழங்காலில் நின்று கேட்ட அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சோனியா வாங்கப் போனாள். அந்நேரம் அந்தப் பக்கம் உதயகுமார், ஜிப் திறந்த சத்தத்தைப் பாப்பம்மாளுக்கு வாயாலேயே இழுத்துக் காட்டி, கையில் இருந்த டீ சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்று ராத்திரி சோறு போடும்போதும் இழுத்துக் காட்டுவான். கோபித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும்போதே அவளும் சிரித்துவிடுவாள், எப்போதும் அப்படித்தான். அந்த இரண்டு ரூம் வீட்டில் யாரும் யாருக்கும் போன் போட்டதில்லை. இவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுமே தரவில்லை என்று இத்தனை நாள் கடவுளிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடை ஆசை என்னவோ போகவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சுருளைக் கைமாற்ற மனம் வரவில்லை.

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தர மாட்டேன் அனு. இது எங்க வீட்டோடது."

அனுப்ரியாவின் முகம் விழுந்தது.

"நீ வேணும்னா வீட்டுக்கு வா. இன்னிக்கே வா, எல்லாரையும் கூட்டிட்டு. முட்டி இடிச்சிட்டுத்தான் உக்காரணும்."

மத்தியானம் பன்னிமண்டபத்து வீட்டில், பாப்பம்மாளையும் சேர்த்து ஏழு பேர், முட்டி இடிக்கச் சாப்பிட்டார்கள். தையல் மெஷினை மூடி அதன்மேல் பிரியாணிச் சட்டி. உதயகுமார் நாலு தடவை வாயாலேயே ஜிப்பைத் திறந்து காட்டினான். பிள்ளைகள் புரையேறச் சிரித்தார்கள். சோனியா மூன்றாவது தரம் கரண்டியைக் கொண்டுபோனபோது சுரேந்தர் தட்டின்மேல் கையை விரித்து, "போதும் அண்ணி" என்றான்.

அனுப்ரியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.